குப்பைக் கிடங்குக்குப் போகும் எடையைக் குறைக்க, வளரும் நகரம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி (குடியிருப்போர் குழு உறுப்பினர்)

அனைவருக்கும் வணக்கம். வேகமாக வளர்ந்துவரும் ஒரு நகரத்தில், குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து அமைத்திருக்கும் குப்பை மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்குள் நகரத்தின் ஓரங்கள் எல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன. குப்பைக் கிடங்கு மட்டும் அதே வேலிக்குள், அதே நிலத்தில், உயரத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது. மாற்று இடம் கேட்டால் எந்த ஊரும் தர முன்வராது. தரச் சொல்வது நியாயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு இரண்டு கூடைகள் கொடுத்து, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தரச் சொன்னோம். தொடக்கத்தில் பெரும்பாலான வீடுகள் ஒழுங்காகப் பிரித்தன. இப்போது பிரிப்பவர்கள் மிகச் சிலரே. காரணம் புரியாமல், ஒரு நாள் காலையில் குப்பை வண்டியின் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்தேன். வண்டியில் இரண்டு அறைகள் இருந்தன. நான்காவது தெரு முடிவதற்குள் உலர் குப்பைக்கான அறை நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு வந்த உலர் குப்பை முழுவதையும் தொழிலாளி ஈரக் குப்பை அறையிலேயே கொட்டினார். மேல்மாடியில் ஓர் அம்மா நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம் கழுவிக் காயவைத்துக் கொடுத்த புட்டிகள் எச்சில் மிச்சத்தின் மேல் விழுவதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் அந்த வீட்டிலிருந்து ஒரே கூடைதான் வந்தது.

இந்த நிலையில் குழுவில் கருத்துகள் சிதறிக் கிடக்கின்றன. பிரிக்காதவர்களுக்கு அபராதம் போட வேண்டும் என்கிறார்கள் சிலர். கலந்த குப்பையை இயந்திரம் வைத்துப் பிரித்துவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் பிரிக்கும் வேலையே இல்லை என்கிறார் இன்னொருவர். எதில் முதலில் கை வைத்தால் கிடங்குக்குப் போகும் எடை உண்மையாகவே குறையும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (திடக்கழிவுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர்)

ஐயா, வணக்கம். வண்டியின் பின்னாலேயே போய்ப் பார்த்தீர்களே, உங்கள் கேள்விக்கான பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அந்தத் தொழிலாளியைக் குறை சொல்ல இடமில்லை. ஈரக் குப்பை கனமானது, அமுங்கி உட்காரும்; உலர் குப்பை எடையில் கொஞ்சம், ஆனால் அடைத்துக்கொள்ளும் இடம் மிகுதி. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி சில பத்து கிராம்தான் இருக்கும். ஆனாலும் நசுக்காவிட்டால் ஒரு லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வண்டியைச் சரிபாதியாகத் தடுத்தால் உலர் பக்கம் பாதி வழியிலேயே நிரம்பிவிடும். மிச்சத்தை அவர் வேறு எங்கே கொட்டுவார்?

தடுப்பை நகர்த்தி உலர் பக்கத்தைப் பெரிதாக்கலாம். நாங்கள் அதைச் செய்து பார்த்தோம், ஓரளவு பயன் இருந்தது. நிலைத்து நின்றது என்னவோ, நாளைப் பிரித்ததுதான்: ஈரக் குப்பையைத் தினமும் எடுப்பது, உலர் குப்பையை வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் தனி வண்டியில் எடுப்பது. அலசிக் காயவைத்த உலர் குப்பை ஒரு வாரம் வீட்டில் இருந்தாலும் நாறாது. உலர் குப்பை வண்டியில் வேறு எதுவும் ஏறாது என்பதால் கலப்பதற்கு வாய்ப்பே இருக்காது. மாடியில் நின்று பார்ப்பவரும் அதைக் கண்ணால் காண்பார்.

அடுத்தது, எதில் முதலில் கை வைப்பது என்ற கேள்வி. மறுசுழற்சி என்றதும் எல்லோருக்கும் பிளாஸ்டிக்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் எடை வேறு கதை சொல்கிறது. உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016-இல் உலக நகரங்களில் உண்டான திடக்கழிவு ஏறக்குறைய 201 கோடி டன். இப்படியே போனால் 2050-இல் அது 340 கோடி டன்னாகும். அந்தக் குப்பையில் உணவு மிச்சமும் இலை தழைகளும் மட்டும் 44 சதவீதம். வருமானம் குறைந்த நாடுகளில் அது பாதிக்கும் மேல். கிடங்கின் எடையைக் குறைக்க வேண்டும் என்றால் ஈரக் குப்பையை நிறுத்துவதே முதல் வேலை என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

எடை மட்டும் பிரச்சினை இல்லை. காற்றுப் புகாத மேட்டுக்குள் புதைந்த ஈரக் குப்பை அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 மடங்கும் புவியைச் சூடாக்கும் வாயு அது. கிடங்கில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைவதற்கும் அதுவே முக்கியக் காரணங்களுள் ஒன்று. மழை இறங்கும்போது அழுகலோடு கலந்து கறுப்பாக வடியும் கசிவுநீர், அடியில் தடுப்புப் படலம் இல்லாத கிடங்குகளில் நேராக நிலத்தடி நீரில் சேர்கிறது. ஈரக் குப்பை வராத கிடங்கில் இந்த மூன்று துன்பங்களும் பெருமளவு அடங்கிவிடும்.

இதைப் பெரிய நகரங்களே செய்து காட்டியிருக்கின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இத்தாலியின் மிலான் நகரம், 2012 இறுதியில் தொடங்கி 2014-க்குள் நகரம் முழுவதும் வீட்டு வாசலிலேயே உணவுக் கழிவைத் தனியாக எடுக்கத் தொடங்கியது. அங்கே பெரும்பாலோர் அடுக்குமாடிகளில் வசிப்பவர்கள். தென் கொரியா 2005-இல் உணவுக் கழிவை நேராகக் கிடங்கில் கொட்டுவதையே தடை செய்தது. அடுக்குமாடி மக்கள் பிரிக்க மாட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இந்த இரண்டு இடங்களும் போதும்.

எடுத்த ஈரக் குப்பையை உரமாக்குவது எளிய வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடினமான வேலையும் அல்ல, கவனமான வேலை. காய்கறித் தோலும் சாப்பாட்டு மிச்சமும் நைட்ரஜன் மிகுந்தவை. அவற்றைத் தனியாகக் குவித்தால் தண்ணீர் விட்டு நாறும். காய்ந்த இலை, மரத்தூள் போன்ற கரிச்சத்து மிகுந்தவற்றைச் சேர்த்து, கரியும் நைட்ரஜனும் 25 அல்லது 30-க்கு ஒன்று என்ற அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கைப்பிடியை எடுத்துப் பிழிந்தால் ஈரம் கையில் ஒட்ட வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. குவியலின் உள்வெப்பம் 55 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சில நாள்கள் நிற்க வேண்டும், வெளிப்புறம் இருப்பதெல்லாம் உள்ளே போகும்படி புரட்டவும் வேண்டும். அப்போதுதான் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் சாகும். நான் பணியாற்றிய இடத்தில் ஒரு மழைக்காலத்தில் கூரை போதாமல் குவியல்கள் நனைந்து, ஒரு மாதம் அக்கம்பக்கத்தவரின் வசவை வாங்கினோம். அந்தக் கூரைக்கான பணத்தைத் திட்டத்திலேயே ஒதுக்காமல் விட்டது என் தவறு. நீங்கள் அதைச் செய்துவிடாதீர்கள்.

கலந்த குப்பையை இயந்திரத்தில் பிரிப்பது பற்றி ஒன்று மட்டும். அப்படிப் பிரித்த உரத்தில் கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக் துணுக்கும் பேட்டரியிலிருந்து கசிந்த உலோகங்களும் கலந்திருக்கும். ஒருமுறை காலில் கண்ணாடி குத்திய விவசாயி மறுமுறை அந்த உரத்தை வாங்க மாட்டார். விற்காத உரம் திரும்பக் கிடங்குக்கே போகும்.

மறுமொழி 2 (உலர் குப்பை தரம் பிரிக்கும் கூடத்தின் பொறுப்பாளர்)

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். உலர் குப்பை எங்கள் கைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் எல்லோரும் தெரிந்துகொண்டால் நல்லது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் நீளமான மேசையின் இருபுறமும் பெண்கள் நின்று பிரிக்கிறார்கள். அட்டை ஒருபுறம், செய்தித்தாள் ஒருபுறம், தண்ணீர்ப் புட்டி ஒருபுறம், பால் நிறத்துக் கெட்டி டப்பாக்கள் ஒருபுறம், தகரமும் அலுமினியமும் ஒருபுறம் என்று கை போகும் வேகத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தொட்ட உடனே, கசக்கிய சத்தத்தை வைத்தே, அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார்கள். அந்த அறிவுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, பெரும்பாலும் தகுந்த கூலியும் இல்லை. எந்தத் திட்டம் போட்டாலும், ஏற்கெனவே தெருவில் பொறுக்கிப் பிழைப்பவர்களை விலக்கிவைத்துப் போடாதீர்கள் என்று இரு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். புனே நகரில் 2008 முதல் குப்பை பொறுக்குபவர்களின் கூட்டுறவு அமைப்பே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகச் சென்று குப்பை எடுக்கிறது. இவர்களுக்கு அடையாள அட்டையும் கையுறையும் நிழலும் கழிப்பறையும் கொடுத்தால், இயந்திரம் வாங்கும் செலவில் ஒரு பகுதியிலேயே வேலை நடக்கும்.

எதற்கு மறுபிறவி உண்டு, எதற்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்தையும் கண்ணாடியையும் எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். தாதிலிருந்து அலுமினியம் எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 95 சதவீதம் பழைய அலுமினியத்தை உருக்கும்போது மிச்சமாகிறது. காகிதத்தின் இழை ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும். ஐந்து முதல் ஏழு சுற்றுகளுக்கு மேல் தாங்காது. பளபளப்பான தின்பண்ட உறைகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மெல்லிய அடுக்குகளாக ஒட்டிக் கிடப்பதால் அவற்றைப் பிரிக்க முடியாது, எடுத்துக்கொள்ள ஆளும் இல்லை. நாங்கள் பிரித்து முடித்த பின் கிடங்குக்கு அனுப்ப வேண்டியிருக்கும் மூட்டைகளில் பெரும்பகுதி அந்த உறைகளே.

எல்லாவற்றுக்கும் மேல் எங்களைக் கெடுப்பது ஈரம். ஒருமுறை அட்டைக் கட்டுகளை ஆலைக்கு அனுப்பினோம். அங்கே ஒரு கட்டை அறுத்துப் பார்த்தபோது நடுவில் குழம்பு ஊறிய அட்டைகள் பூசணம் பிடித்துக் கிடந்தன. வண்டி முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கூலியும் போக வர வாடகையும் எங்கள் தலையில் விழுந்தன. 2018-இல் சீனா பிற நாடுகளிலிருந்து வரும் 24 வகைக் கழிவுகளுக்குத் தடை விதித்து, பின்னர் மற்ற மறுசுழற்சிப் பொருள்களிலும் அசுத்தம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றபோது, பிரித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ பணக்கார நகரங்கள் திகைத்து நின்றன. சுத்தமில்லாத பொருளுக்குச் சந்தை இல்லை.

ஜப்பானில் கமிகட்சு என்ற சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சிலர் அதை நகரத்திலும் செய்யச் சொல்கிறார்கள். அந்த ஊரின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அங்கே வசிப்பவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. நகரத்து வீடுகளிடம் மூன்றைத்தான் கேட்க வேண்டும்: ஈரம் ஒன்று, உலர்ந்தது ஒன்று, நாப்கின், டயப்பர், பேட்டரி, உடைந்த பல்பு போன்றவை தனித்தனிப் பொட்டலமாக ஒன்று. மீதிப் பிரிவினையை எங்களிடம் விடுங்கள். பேட்டரியை மட்டும் தயவுசெய்து உலர் குப்பையில் போடாதீர்கள். கட்டு அழுத்தும் இயந்திரத்தில் லித்தியம் பேட்டரி நசுங்கினால் கூடமே எரிந்துபோகும்.

மறுமொழி 3 (சுற்றுச்சூழல் கொள்கை படிக்கும் மாணவர்)

மேலே இருவர் எழுதியதும் நடைமுறை அறிவு. எரிப்பது பற்றியும் குறைப்பது பற்றியும் நான் படித்ததைச் சேர்க்கிறேன்.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க வேண்டுமானால், கிலோவுக்குச் சராசரியாக 7 மெகாஜூல் வெப்பமாவது அதில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பாதிக்கு மேல் ஈரம் நிறைந்த கலப்புக் குப்பையில் அது பெரும்பாலும் கிடைக்காது. தண்ணீரை ஆவியாக்கவே எரிபொருள் செலவாகும். எரித்த பின்னும் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதில் புகைவடிப்பானில் பிடிபடும் சாம்பல் நச்சு மிகுந்தது, அதைப் பாதுகாப்பான கிடங்கில்தான் புதைக்க வேண்டும். ஆகவே கிடங்கு இல்லாமல் போய்விடும் என்ற பேச்சு தவறு. இதைவிட எனக்குப் பெரிய அச்சம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாளுக்கு இத்தனை டன் குப்பை தருவோம் என்று இருபது ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு குப்பையைக் குறைப்பது நகரத்துக்கே நட்டமாகிவிடும். ஆனால் எரிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிப்பும் உரமாக்கலும் நிலைபெற்ற பின், மிஞ்சியது எவ்வளவு என்று தெரிந்த பிறகு பேச வேண்டியது அது.

தின்பண்ட உறைகள் பற்றிக் கூடத்தின் பொறுப்பாளர் எழுதியதற்கு வீடுகளிடம் விடை இல்லை. தயாரித்தவரே தம் பொருளின் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கையை 1990-இல் சுவீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் முன்வைத்தார். 1991-இல் ஜெர்மனி அதைப் பொதி உறைகளுக்குச் சட்டமாக்கியது. அதே நாடு 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பானப் புட்டிகளுக்கு வைப்புத் தொகை வசூலித்து, புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது; பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட புட்டிகள் திரும்பி வருகின்றன. இது நகர அளவில் செய்யக்கூடியது இல்லைதான். ஆனாலும் நகரங்கள் சேர்ந்து அரசிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

வீசும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையைத் தென் கொரியா 1995-இலும் தைவானின் தைபே நகரம் 2000-இலும் கொண்டுவந்தன. குப்பைக்கென்று விற்கும் பையில்தான் போட வேண்டும், பையின் விலையிலேயே கட்டணம் அடங்கியிருக்கும். மறுசுழற்சிப் பொருளை இலவசமாக எடுத்துக்கொள்வார்கள்; எனவே பிரித்தால் பை மிச்சம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டித் தடுப்பு பற்றிய விளக்கத்தைக் குழுவில் படித்துக் காட்டினேன். அபராதம் கேட்டவர்களே அமைதியாகிவிட்டார்கள். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கட்டண முறையை இப்போதே கொண்டுவரலாமா? நகரம் முழுவதும் ஒரே நாளில் தொடங்குவதா, ஒரு வட்டாரத்திலிருந்து தொடங்குவதா?

மறுமொழி 1 (பொறியாளர், மீண்டும்)

கட்டணத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் தம்பி சொன்ன இடங்களில் அது வென்றதற்குக் காரணம், வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததும், பிரித்ததை அவர்கள் கண்முன்னே தனியாக எடுத்ததும், திருட்டுத்தனமாகக் கொட்டுவதைக் கண்காணித்ததும்தான். சேவை சீராகுமுன் கட்டணம் போட்டால் குப்பை ஓடையிலும் காலி மனையிலும் போய் விழும்.

ஒரு வட்டாரத்திலிருந்தே தொடங்குங்கள். தொடங்குவதற்கு முன் எடை போட்டுவிடுங்கள். இது பலரும் விட்டுவிடும் வேலை. ஒரு வாரத்துக்குத் தினமும் அந்த வட்டார வண்டி எடைமேடையில் ஏறி இறங்கட்டும். ஒரு நாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி நன்றாகக் கலந்து, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகள் இரண்டைத் தள்ளிவிட்டு, மீண்டும் கலந்து, மீண்டும் கூறிட்டு, நூறு கிலோ அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த நூறு கிலோவைக் கையால் பிரித்து ஒவ்வொன்றையும் நிறுத்தால், உங்கள் குப்பையில் எது எவ்வளவு என்று ஓரளவு துல்லியமாகத் தெரிந்துவிடும். ஒரு நாள் கணக்கு ஏமாற்றும் என்பதால் விடுமுறை நாள் ஒன்றிலும் இதைச் செய்யுங்கள். உரக்கொட்டகையின் அளவு, உலர் வண்டிகளின் எண்ணிக்கை இரண்டும் இந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும்.

வெற்றியை அளக்கும்போது எத்தனை கூடை கொடுத்தோம், எத்தனை கூட்டம் நடத்தினோம் என்று எண்ணாதீர்கள். மறுசுழற்சிக்கு எவ்வளவு அனுப்பினோம் என்ற கணக்கும் ஏமாற்றக்கூடியதே, அதில் திரும்பி வந்த கட்டுகளும் அடங்கியிருக்கும். கிடங்கின் வாசலில் அந்த வட்டாரத்தின் பெயரில் இறங்கும் கிலோ ஒன்றுதான் கணக்கு. அதை வட்டாரத்தின் மக்கள்தொகையால் வகுத்து, வாரந்தோறும் தெருமுனைப் பலகையில் எழுதிவையுங்கள். கூடிய வாரத்திலும் மறைக்காமல் எழுதுங்கள்.

கிடங்கை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். 2000 ஜூலையில் பிலிப்பைன்சின் பயாடாசில் மழையில் நனைந்த குப்பைமேடு சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 மார்ச்சில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நூறுக்கும் மேற்பட்டோர், அடுத்த மாதமே கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லயில் முப்பதுக்கும் மேற்பட்டோர். எல்லாம் இப்படி உயரத்தில் வளர்ந்த மேடுகள். அடியில் வீடுகள் இருந்தன. புதிய குப்பை குறையும் வரை காத்திராமல் மேட்டின் சரிவைத் தணிப்பது, மழைநீருக்கு வடிகால் வெட்டுவது, அடிவாரத்து வீடுகளை மாற்றுவது ஆகியவற்றை இந்த ஆண்டே நகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. உலர் குப்பை வண்டி முதன்முதலாக வருவதற்கு முந்தைய நாள், மாடியில் நின்று பார்த்த அந்த அம்மாவின் வீட்டுக்கு நீங்களே நேரில் போங்கள். அன்று நடந்தது எங்கள் பிழை என்று சொல்லுங்கள், வண்டி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும் என்றும் சொல்லுங்கள். முடிந்தால் தரம் பிரிக்கும் கூடத்தை ஒருமுறை வந்து பார்க்கும்படி அழையுங்கள்.

மறுமொழி 2 (கூடத்தின் பொறுப்பாளர், மீண்டும்)

அழைத்து வாருங்கள். காலையில் வேலை தொடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு வந்தால், மேசையில் எல்லாவற்றையும் பார்க்கலாம்.